பொதுவில் வைத்த நத்தை

அன்று காலை பிளேடைக் கழுவினேனா, முந்தைய நாள் மாலையே கழுவி வைத்துவிட்டேனா என்பது எனக்குச் சரியாக ஞாபகமில்லை. இதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் நியாயம். நாள் கணக்கிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. ஊரில் யாரும் என்னோடு பேசாமல் இருந்தது இருபத்தைந்து நாள் என்று நான் நினைக்கிறேன். இருபத்தெட்டு என்கிறாள் என் மனைவி அடைக்கலமேரி. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள், நான் எண்ணவில்லை. அதனால் அவள் சொல்வதே சரியாக இருக்கலாம்.

நான் அறிவுச்செல்வன். கட்டுமாவடிக்கும் கோட்டைப்பட்டினத்துக்கும் நடுவே கடலோரமாக இருக்கும் ஓர் ஊரில் நூலகர். என் சொந்த ஊர் கீரனூர்ப் பக்கம். இருபத்தேழு வயதில்தான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தேன். பெரிதாக இருந்தது. அதைப் பற்றி வேறு ஒன்றும் தோன்றவில்லை. அடைக்கலமேரி இந்த ஊர்க்காரி. ஐஸ் கம்பெனியில் மேற்பார்வை வேலை பார்க்கிறாள். அப்போது எங்களுக்குத் திருமணமாகி ஒன்பது வருடங்கள் ஆகியிருந்தன. அந்த ஒன்பது வருடங்களில் நான் அவளிடம் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு வாரப் பேச்சு தேறாது என்று அவள் சொல்வாள். ஒரு வாரம் என்பது தாராளமான மதிப்பீடு.

வாசிப்பு எனக்குப் பிடிக்கும். வாசித்து முடித்த பிறகு வரும் அமைதி இன்னும் பிடிக்கும். நூலகத்துக்கு ஒரு நாளைக்கு நான்கு பேர் வருவார்கள். அவர்களும் பேசக் கூடாது என்று சுவரில் எழுதியிருக்கிறது. அந்த எழுத்து மங்கும்போதெல்லாம் என் கைக்காசில் பெயிண்ட் வாங்கிப் புதுப்பித்துவிடுவேன்.

நத்தை வந்தது ஒரு வியாழக்கிழமை.

ராக்கனின் ஃபைபர் படகு நண்டு வலையோடு கரைக்கு வந்திருந்தது. ராக்கனும் பிராங்க்ளினும் அப்போதே பதினொரு வருடங்களாக ஒரே படகில் போகிறவர்கள். படகும் வலையும் ராக்கனுடையவை, கை பிராங்க்ளினுடையது. ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிடுவார்கள். அன்று வலையில் நண்டைவிடப் பாசிதான் அதிகம். ராக்கன் பாசியைப் பிய்த்துப் பிய்த்து மணலில் எறிந்துகொண்டிருந்தார். எறிந்த ஒரு கொத்தில் ஏதோ நெளிவதைப் பார்த்த பிராங்க்ளின் அதை எடுத்து டீ டம்ளரில் கடல்தண்ணீர் பிடித்துப் போட்டார்.

சுண்டுவிரல் நீளம். வெற்றிலைப் பச்சை. பச்சையின் மேல் வெள்ளைப் புள்ளிகள். முதுகின் இரண்டு பக்கமும் சேலை மடிப்புபோல எழுந்து நின்ற சதை, அதன் ஓரத்தில் ஆரஞ்சுக் கரை, கரைக்கு வெளியே மையால் இழுத்தது போன்ற கறுப்புக் கோடு. தலையில் சுருட்டி வைத்த காகிதம்போல இரண்டு கொம்புகள். அவ்வளவு சின்ன உடம்புக்கு அவ்வளவு அலங்காரம் எதற்கு என்று எனக்குத் தோன்றியது.

புவனேஸ்வரி வியாழக்கிழமைதோறும் ஆலங்குடியிலிருந்து பஸ் ஏறி வருபவள். ஒரு கல்லூரியில் கடல் உயிர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். வலையில் கழித்துப் போடுவதைப் பொறுக்குவாள் என்பதால் ஊரில் அவளுக்குக் 'கழிவு டீச்சர்' என்று பெயர். டம்ளரை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். பிறகு, "இது ஓடில்லாத கடல் நத்தை. இந்தக் கரையில இதை யாரும் எடுத்ததா நான் படிச்சதில்ல. எங்க காலேஜ் மியூசியத்துல வைக்கணும்" என்றாள். பையிலிருந்து ஒரு லேபிளை எடுத்தாள். அதில் 'சேகரித்தவர்' என்று அச்சடித்து, எதிரே ஒரு கோடு இருந்தது. ஒரே ஒரு கோடு.

"யார் பேரு எழுத?" என்று கேட்டாள். அவள் செய்த தவறு அது ஒன்றுதான்.

"எழுதுங்க, ராக்கன். தகப்பன் பேரு வேணுமா?" என்றார் ராக்கன்.

"அண்ணே, நீங்க தூக்கியில்ல எறிஞ்சீங்க" என்றார் பிராங்க்ளின்.

"எறிஞ்சேன். என் வலையில வந்ததை நான் எறிவேன், எடுப்பேன்."

"எடுத்தது நானு."

"ஒன்னைய எடுத்ததே நான்தான்டா. இல்லாட்டி இந்நேரம் நீ திருப்பூர்ல பனியன் மடிச்சுக்கிட்டு இருப்ப."

இரண்டு பெயரையும் எழுதலாமே என்று யாரோ சொன்னார்கள். முடியாது என்றாள் புவனேஸ்வரி. ஓர் உயிருக்கு ஒரு லேபிள், ஒரு லேபிளுக்கு ஓர் ஆள், கம்ப்யூட்டரில் இரண்டாவது பெயருக்கு இடமே கிடையாது என்று விளக்கினாள். மறுநாள் காலையில் படகு கடலுக்குப் போகவில்லை.

இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பேர் ஒரு பொருளுக்கு உரிமை கொண்டாடினால், தீர்ப்பு சொல்லும்வரை அந்தப் பொருளைக் கடலுக்குப் போகாத ஒருவரிடம் ஒப்படைப்பார்கள். அதற்குப் 'பொதுவில் வைப்பது' என்று பெயர். வைத்திருப்பவர் பொது ஆள். எந்தப் பக்கமும் அவர் மனதைக் கலைத்துவிடக் கூடாது என்பதற்காக, பொருள் அவரிடம் இருக்கும்வரை ஊரில் ஒருவரும் அவரோடு பேசக் கூடாது. அவரும் யாரோடும் பேசக் கூடாது. வீட்டில் உள்ளவர்களுக்கும் இதே சட்டம்தான். வலை, நங்கூரம், மிதவை எல்லாம் பொதுவில் இருந்திருக்கின்றன. ஒருமுறை ஒரு படகு எஞ்சினின் விசிறி ஏழு மாதம் ரேஷன் கடைக்காரரிடம் இருந்தது. தீர்ப்புக்குப் பிறகு அவர் பேசத் தொடங்கியவர் இன்றுவரை நிறுத்தவில்லை.

உயிருள்ள பொருளைப் பொதுவில் வைத்தது இதுதான் முதல்முறை. ஊர்த்தலைவர் பழனிச்சாமி அன்றே கூடிய கூட்டத்தைப் பார்த்து, "அடுத்த வெள்ளிக்கிழமை தீர்ப்பு. அதுவரைக்கும் யாரு வச்சிருக்கிறது?" என்று கேட்டார்.

நான் கை தூக்கினேன். அவர் கேட்டு முடிப்பதற்கு முன்பே தூக்கினேன் என்று அடைக்கலமேரி சொல்கிறாள். அதுவும் எனக்கு ஞாபகமில்லை.

மாலை ஆறு மணிக்குச் சட்டம் தொடங்கும் என்று சொல்லியிருந்தார்கள். ஐந்தே முக்காலுக்கு அடைக்கலமேரி சமையலறை வாசலில் நின்றபடி கேட்டாள்.

"பேச்சு கெடையாதுன்னு தெரிஞ்சுதானே கையத் தூக்குனீங்க?"

நான் ஜாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"என் பேச்சு வேணாம்னா சொல்லிருங்க. மணமேல்குடியில எங்க அண்ணன் வீட்ல எடம் இருக்கு."

இதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்தேன். எனக்கு யோசிக்க நேரம் பிடிக்கும். சரியான வாக்கியம் கிடைத்தபோது கோயில் மணி ஆறு அடித்துவிட்டது.

முதல் இரண்டு நாட்கள் என் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள் என்று நான் அப்போது நினைத்தேன். நத்தையை வாயகன்ற ஒரு பிஸ்கட் ஜாடியில் விட்டு, நூலகச் சன்னலோரம் வைத்திருந்தேன். காலையில் கடல்தண்ணீர் மாற்றுவேன். புவனேஸ்வரி விட்டுப்போன பாசிக் கொத்தைப் புத்தக அட்டை வெட்டும் பிளேடால் சின்னச் சின்னதாக அரிந்து போடுவேன். அது பாசி நுனியில் வாயை வைத்து, இளநீரை உறிஞ்சுவது போலச் சாறை மட்டும் உறிஞ்சும். தோல் வெளுத்து மிதக்கும். நானும் அதுவும் ஒரு நாள் முழுவதும் எதிரெதிரே இருப்போம். இருவரும் ஒன்றும் சொல்லிக்கொள்வதில்லை.

மூன்றாம் நாள் மதியம் அடைக்கலமேரி சாப்பாட்டுக் கேரியரோடு நூலகத்துக்கு வந்தாள். கேரியரை என் முன்னால் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஜாடிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏம்மா நத்தை, இந்த மனுசன்கிட்ட சொல்லு. நேத்து கொழம்புல உப்பு இல்ல. கேக்காமத் தின்னுட்டாரு. நாக்கு செத்துப்போச்சான்னு கேளு."

விஷயம் ஊர்க் கமிட்டிக்குப் போனது. பழனிச்சாமி வெகுநேரம் மீசையைத் தடவிவிட்டு, "பொது ஆளுகிட்டதான் பேசக் கூடாது. பொருள்கிட்ட பேசக் கூடாதுன்னு நம்ம முன்னோர் சொல்லல. ஏன்னா எந்தப் பொருளும் இதுவரைக்கும் உசுரோட இல்ல" என்றார். வாட்ஸ்அப்பில் எழுதுவது பேச்சா என்பதையும் அதே கூட்டத்தில் எடுத்தார்கள். அது பேச்சுதான் என்று முடிவானது. நத்தையிடம் பேசுவது மட்டும் அனுமதிக்கப்பட்டது.

அன்றிலிருந்து என் அமைதி போயிற்று. நூலகத்துக்கு நாற்பது பேர் வரத் தொடங்கினார்கள். கரண்ட் பில் கட்ட என்னிடம் பணம் கொடுத்த ஆள் ரசீது எங்கே என்று நத்தையிடம் கேட்டார். ராக்கன் காலையில் வருவார்.

"ஒன்னையச் சுமந்தது யாரு வலைன்னு சாருகிட்ட சொல்லுப்பா."

பிராங்க்ளின் சாயங்காலம் வருவார்.

"வெயில்ல கெடந்து செத்திருப்ப. டம்ளர்ல புடிச்சது யாருன்னு சொல்லு."

அடுத்த வியாழக்கிழமை புவனேஸ்வரி வந்தாள். வெளியூர்க்காரி என்றாலும் ஊருக்குள் நிற்கும்வரை சட்டம் அவளுக்கும் உண்டு. அவள் ஜாடியின் முன் நின்று, வகுப்பில் நிற்பவள்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு நத்தைக்கு நத்தையைப் பற்றிச் சொன்னாள்.

"நீ பாசியோட பச்சையத்தைத் திருடுற. சாறு செரிச்சுப் போனாலும், வெயில்ல சோறாக்குற அந்தப் பச்சைத் துகள மட்டும் செரிக்காம உடம்புக்குள்ள பதுக்கி வச்சுக்கிற. அதனாலதான் இலை மாதிரி இருக்க. சாப்பாடு இல்லாத நாள்ல வெயில வச்சுக் கொஞ்சம் சமாளிப்ப. உன்னை சன்னல் பக்கமே வச்சிருக்கச் சொல்லு."

"இது பொம்பளையா ஆம்பளையான்னு கேட்டுச் சொல்லு டீச்சர். ஏம்மாங்கிறதா ஏப்பாங்கிறதான்னு தெரியல" என்றாள் கூட நின்ற அடைக்கலமேரி.

"ரெண்டும் அதுதான் அக்கா. ஒவ்வொண்ணும் ஆணும் பெண்ணும்."

அடைக்கலமேரி ஜாடிக்குள் எட்டிப் பார்த்தாள். "அதான் சத்தமே இல்லாம இருக்கு. சண்டை போட ஆளில்ல" என்றாள்.

நாளை தீர்ப்பு. அன்று மாலை எல்லோரும் போன பிறகு நான் ஜாடிக்கு அருகில் நின்றிருந்தேன். நாளை ஆறு மணிக்கு எல்லோரும் நேராக என்னிடம் பேசத் தொடங்குவார்கள். அடைக்கலமேரி மணமேல்குடிக் கேள்வியை மறுபடி கேட்பாள். என்னிடம் இருந்த வாக்கியம் அதற்குள் மறந்துபோயிருந்தது. இன்னும் சில நாள் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று நான் நினைத்தேன். இது மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நினைத்தேன். கையில் பிளேடு இருந்தது. பாசி அரிந்துகொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை நூலகத்தைத் திறந்து, மேசையில் பையை வைத்துவிட்டு ஜாடியைப் பார்த்தேன். இரண்டு நத்தைகள் இருந்தன. குட்டி போட்டிருக்கிறது என்று முதலில் நினைத்தேன். சின்னது கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்தது. பெரியது அடியில் கிடந்தது. குனிந்து பார்த்தேன். சின்னதற்கு உடம்பு இல்லை. பெரியதற்குத் தலை இல்லை.

தலை சுறுசுறுப்பாக இருந்தது. கொம்புகளை ஆட்டிக்கொண்டு, வெகுநாள் சுமந்த மூட்டையை இறக்கி வைத்த ஆள்போல நடந்தது. உடம்பை மெல்லத் தொட்டேன். அது சுருங்கி, மறுபடி விரிந்தது. அதன் உள்ளே ஏதோ துடித்துக்கொண்டிருந்தது.

வாசலில் பிராங்க்ளின் நின்றிருந்தார். ஜாடியைப் பார்த்தார். மேசையில் இருந்த பிளேடைப் பார்த்தார். அது ஈரமாக இருந்தது. என்னிடம் பேச அவருக்கு வழியில்லை. தலையிடம் சொல்வதா உடம்பிடம் சொல்வதா என்று தடுமாறி, கடைசியில் ஜாடியிடம் பொதுவாகச் சொன்னார்.

"ஒன்னைய வெட்டிப்புட்டாரேப்பா."

பத்து மணிக்குள் ஊரே நூலகத்தில் இருந்தது. புவனேஸ்வரிக்குப் போன் போட்டார்கள். மதிய பஸ்ஸில் வந்தவளுக்கு ஜாடியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. அந்த நேரத்தில் அது யாருக்கும் பிடிக்கவில்லை.

"யாரும் வெட்டல. இந்த இனத்துல சிலது தானாவே தலையைக் கழட்டிக்கும். கழுத்துல மெல்லிசா ஒரு வரி இருக்கும், அங்கதான் விட்டுப்போகும். உடம்புல ஒட்டுண்ணி ஏறிட்டா, ஒட்டுமொத்த உடம்பையும் அதுங்களுக்கே விட்டுட்டுத் தலை மட்டும் கிளம்பிடும்னு சொல்றாங்க. ஒரு வாரத்துல தலைக்குப் புது இதயம் வரும். மூணு வாரத்துல புது உடம்பு."

"கழட்டிவிட்ட ஒடம்பு?" என்று கேட்டார் பழனிச்சாமி.

"அதுவும் கொஞ்ச நாள், சில சமயம் மாசக்கணக்குல உயிரோட இருக்கும். ஆனா தலை முளைக்காது."

"வயிறு இல்லாத தலை எப்படிம்மா திங்கும்? நான் நாப்பது வருசமா கடல்ல கெடந்தவன்."

அவள் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். ஒரு தலை தன் உடம்பையே சுற்றிச் சுற்றி நடந்தது. எல்லோரும் பார்த்தார்கள்.

"எந்த ஊரு இது?"

"ஜப்பான்."

"ஜப்பான்காரன் நத்தைக்கு அந்தப் பழக்கம் இருக்கலாம். நம்மூரு நத்தைக்கு இருக்கான்னு யாருக்குத் தெரியும்?"

தீர்ப்பு தள்ளிப்போயிற்று. மூன்று வாரத்தில் தலைக்கு உடம்பு வருகிறதா பார்ப்போம், அதுவரை பொதுவில் இருப்பது பொதுவிலேயே இருக்கட்டும் என்றார் பழனிச்சாமி. அவர் அதைச் சொன்னபோது அடைக்கலமேரி நத்தையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது என்று பிறகு சொன்னாள். எனக்குத் தெரியாது. நான் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அவள் ஜாடிக்கு முன் உட்கார்ந்தாள். அவள் குரல் தணிந்திருந்தது.

"ஏ தலை, கேட்டுக்க. பேச்சு தொடங்கிருமேன்னு பயந்துக்கிட்டு இவருதான் வெட்டுனாருன்னா, தீர்ப்பு முடிஞ்ச மறுநா நான் மணமேல்குடி போயிருவேன். ஊரு மன்னிச்சாலும் நான் வரமாட்டேன். நீயா விட்டியா, அவரு வெட்டுனாரா? ஒனக்குத்தான் தெரியும்."

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பிளேடு ஈரமாக இருந்தது. அன்று காலை நான் அதைக் கழுவினேனா? எதற்காகக் கழுவினேன்? ஒரு விஷயத்தை நினைத்த மனிதன், அதைச் செய்யாமல் விட்டேன் என்று எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும்? வேறு யாராவது இதைக் கேட்டிருந்தால் நான் ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்திருப்பேன். எனக்கு எடுத்துக் கொடுக்க ஒன்றும் இல்லை.

இப்போது இரண்டு ஜாடிகள். தலை ராக்கனுடையது என்றும் உடம்பு தன்னுடையது என்றும் பிராங்க்ளினே பிரித்துக்கொண்டார். "நான் வாலைப் புடிச்சுத்தான் தூக்குனேன்" என்பது அவர் வாதம். காலையில் ராக்கன் தலையோடும், மாலையில் பிராங்க்ளின் உடம்போடும் பேசினார்கள்.

"அதுக்குக் காது எங்கடா இருக்கு?" என்று ராக்கன் ஒருநாள் மாலை வந்து கேட்டார்.

"ஒங்க தலைக்கு மட்டும் இருக்கா? டீச்சர் சொன்னாங்க, ரெண்டுக்கும் இல்லையாம்."

"என்னுது நாலு நாளா பாசி தின்னுது."

"என்னுது சும்மா கெடந்து துடிக்குது. அதுக்கு எவ்வளவு மனசு வேணும்?"

பதினொரு வருடப் பழக்கத்தில் இருவரும் சேர்ந்தே டீ குடிக்கப் போய்விட்டு, பாதி வழியில் ஞாபகம் வந்து பிரிந்தார்கள்.

அடைக்கலமேரி தினமும் மதியம் தலையிடம் பேசினாள். முதலில் திட்டினாள். பிறகு வேறு விஷயங்கள் வந்தன. ஐஸ் உடைக்கிற மெஷின் சத்தத்தில் அவள் நாளெல்லாம் கத்துகிறாள் என்றும், அங்கே அவள் சொல்வது ஒருவர் காதிலும் விழுவதில்லை என்றும், சைகை பார்த்துத்தான் வேலை நடக்கிறது என்றும் தலையிடம் சொன்னாள். வீட்டுக்கு வந்து பேசுவது அங்கே விழாமல் போனதைத்தான் என்றாள். ஒன்பது வருடங்களாக அவள் எனக்கு எதிரே இருந்து பேசிக்கொண்டிருந்தாள். அப்போதெல்லாம் பதில் சொல்ல வேண்டுமே என்ற கவலையில் நான் கேட்டதில்லை. இப்போது பதில் சொல்ல வேண்டியதில்லை. கேட்டேன்.

பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ, அவள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் வாயைத் திறந்தேன். அவள் கையை உயர்த்தினாள்.

"ஏ தலை, வாயத் தொறக்க வேணாம்னு சொல்லு. தீர்ப்பு கெட்டுப்போகும். எனக்குத் தீர்ப்பு வேணும்."

தலை வளர்ந்தது. ஏழாம் நாள் கழுத்துக்குக் கீழே கடுகளவு ஏதோ துடித்தது. பதினைந்தாம் நாள் சேலை மடிப்பு வந்தது. இருபத்திரண்டாம் நாள் ஆரஞ்சுக் கரையும் கறுப்புக் கோடும் முழுதாக இருந்தன. பழைய உடம்பு பக்கத்து ஜாடியில் வெளிறிப்போய், ஆனால் தொட்டால் சுருங்கியபடி கிடந்தது.

மூன்று வாரம் முடிந்த வெள்ளிக்கிழமை காலை புயல் காப்பகத்துக் கூடத்தில் ஊர் கூடியது. நடுமேசையில் இரண்டு ஜாடிகளும். புவனேஸ்வரி புதுப் பெரிய லென்ஸ் ஒன்று கொண்டுவந்திருந்தாள்.

"வளந்திருச்சு. ஒத்துக்கிறேன்" என்றார் பழனிச்சாமி. "ஆனா ஒரு சந்தேகம். தானா விட்டாலும் வளரும். இவரு வெட்டியிருந்தாலும் வளந்திருக்கலாம்ல? இது எப்படி சாட்சியாகும்?"

புவனேஸ்வரி லென்ஸோடு ஜாடிப் பக்கம் குனிந்தாள். கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அடைக்கலமேரி எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. அப்போது எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

"நில்லுங்க" என்றாள் புவனேஸ்வரி. அவள் லென்ஸை ஜாடியில் ஒட்டி வைத்திருந்தாள். "கழுத்துல வரி விழுந்திருக்கு. மறுபடியும் விடப்போகுது. ரெண்டாவது தடவையும் விடும்னு படிச்சிருக்கேன், பார்த்ததில்ல. யாரும் மேசையை ஆட்டாதீங்க. சத்தம் போடாதீங்க."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"சில மணி நேரம்."

பழனிச்சாமி துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, "ஒக்காருங்க" என்றார்.

ஏறத்தாழ இருநூறு பேர் உட்கார்ந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. செல்போன்களை அணைத்தார்கள். ரேஷன் கடைக்காரர் இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார். டீ வந்தது. டம்ளர் சத்தம் கேட்காமல் குடித்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரி ஒன்று ஹாரன் அடித்துப் போனபோது எல்லோரும் அந்தப் பக்கம் கோபமாகத் திரும்பினார்கள். நான் வாழ்க்கை முழுவதும் ஆசைப்பட்ட அமைதி அதுதான். ஊரே எனக்காக அமைதியாக இருந்தது. ஆனால் என்னால் அதை அனுபவிக்க முடியவில்லை. அந்த மேசையில் கிடந்தது என் வீடு.

கழுத்து வரி பள்ளமானது. தலை முன்னால் இழுத்தது. உடம்பு இருந்த இடத்திலேயே இருந்தது. ராக்கனும் பிராங்க்ளினும் ஆளுக்கொரு பக்கமாகக் குனிந்து பார்த்தார்கள். ராக்கனுக்கு நெற்றியில் வியர்வை வழிந்தது. பிராங்க்ளின் தன் துண்டை எடுத்து, கண்ணை ஜாடியிலிருந்து எடுக்காமலேயே அதைத் துடைத்துவிட்டார். மூன்று மணி சுமாருக்குத் தலையும் உடம்பும் நூல் போன்ற ஓர் இழையில் தொங்கின. பிறகு அதுவும் இல்லை. தலை கொம்புகளை ஒருமுறை ஆட்டிவிட்டுக் கண்ணாடியில் ஏறத் தொடங்கியது. திரும்பிப் பார்க்கவில்லை.

முதலில் பேசியது அடைக்கலமேரிதான். அவள் ஜாடியைப் பார்க்கவில்லை.

"நீங்க வெட்டல" என்றாள்.

நான் தலையாட்டினேன்.

"தலைய ஆட்டாதீங்க. ஏதாவது சொல்லுங்க."

ஊர் முழுவதும் என்னைப் பார்த்தது. பழனிச்சாமி அனுமதி கொடுப்பதுபோலக் கையசைத்தார். சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும். ஒரு மாதமாக அதைத்தான் யோசித்து வைத்திருந்தேன். ஐஸ் மெஷினைப் பற்றி, அங்கே விழாமல் போனவற்றைப் பற்றி. ஆனால் பழக்கமற்ற தொண்டையிலிருந்து வேறு ஒன்று வந்தது.

"தண்ணி மாத்தணும்" என்றேன்.

அவள் மேசைக்கு வந்தாள். பிறகு ஜாடியைத் தூக்கி என் கையில் கொடுத்தாள். "வாங்க, மாத்துவோம். போறப்ப உப்பைப் பத்திச் சொல்லுங்க. அன்னைக்குக் கொழம்புல இல்லாத உப்பு" என்றாள்.

நாங்கள் தண்ணீர் மாற்றிக்கொண்டு வந்த பிறகு தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. புவனேஸ்வரி இரண்டு உடம்புகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவள், பையிலிருந்து இரண்டாவது லேபிளை எடுத்தாள். "மியூசியத்துக்கு உடம்பு போதும். ரெண்டு உடம்பு இருக்கு. ரெண்டு லேபிள் போடலாம்" என்றாள். கோடு இரண்டானது. பழைய உடம்பின் லேபிளில் பிராங்க்ளின் பெயரும், புது உடம்பின் லேபிளில் ராக்கன் பெயரும் எழுதினார்கள். பழையதுதான் அசல் என்று பிராங்க்ளினும், புதியதுதான் முழுசாக இருக்கிறது என்று ராக்கனும் நினைத்துக்கொண்டார்கள். தலை யாருக்கும் தேவைப்படவில்லை. அதைப் படகில் கொண்டுபோய்ப் பாசி அடர்ந்த இடத்தில் விட்டார்கள். இருவரும் சேர்ந்துதான் போனார்கள்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. இரண்டு உடம்புகளும் கல்லூரி மியூசியத்தில் ஒரே அலமாரியில் ஸ்பிரிட் பாட்டில்களில் இருக்கின்றன. ராக்கனும் பிராங்க்ளினும் அதே படகில் போகிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். புவனேஸ்வரி படிப்பை முடித்துத் தூத்துக்குடியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பழனிச்சாமி தலைவர் பதவியை விட்டுவிட்டார். போவதற்கு முன், உயிருள்ள எதையும் இனிப் பொதுவில் வைப்பதில்லை என்று ஒரு தீர்மானம் எழுதினார். அந்த வகை நத்தைகள் ஒரு வருடம், மிஞ்சினால் கொஞ்சம் கூட உயிரோடு இருக்கும் என்று புவனேஸ்வரி சொன்னாள். அதனால் தலை இறந்திருக்கும். அடைக்கலமேரி மணமேல்குடிக்குப் போகவில்லை. நான் இப்போது தினமும் கொஞ்சம் பேசுகிறேன். போதாது என்கிறாள். காலி ஜாடி நூலகச் சன்னலில் இருக்கிறது. கோபம் வந்தால் அவள் இன்னமும் அதனிடம்தான் பேசுகிறாள்.